காய்ச்சலோடு நீ நின்ற நான்கு நாள்

அக்கா,

நேற்று உன் பாப்பாவுக்குக் காய்ச்சல். முதல் நாளே தூக்கிக்கொண்டு நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து கொடுக்கும் ஜன்னலருகே யாரோ சிரப் பாட்டிலைக் கைதவறி உடைத்திருந்தார்கள். அந்த ஆரஞ்சு வாசனையில் எனக்குக் கால் நகரவில்லை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் உன் விரல்களை விட்டுப் போகாத வாசனை அது.

இரண்டு மருந்தாளுநர்கள் பார்க்க வேண்டிய இடத்தில் நீ ஒருத்தி. இன்னொரு இடம் காலியாகவே கிடந்தது. ஒப்பந்த வேலை என்பதால் நிரந்தர ஆள் வாங்கும் சம்பளத்தில் பாதிகூட உனக்கு வராது. பிள்ளை பெற்ற பிறகும் நீண்ட லீவு இல்லை. மாமா லாரியோடு வெளியூரில். அம்மா கழனிக்குப் போகாவிட்டால் ஆகாது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று பதினொன்றாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைத் தேடும் அளவுக்கு நான் வாய் திறந்ததில்லை. நீதான் அழுதாய். "பர்மனென்ட் ஆவட்டும்டி, உன்ன திரும்பி சேத்து உடுறேன்" என்றாய்.

மதியம் சோரியாங்குப்பத்திலிருந்து பாப்பாவோடு பஸ்ஸில் வருவேன். மருந்து அறைக்குப் பின்னால் குளுக்கோஸ் பாட்டில் பெட்டி மேல் உட்கார்ந்து பால் கொடுப்பாய். நாளெல்லாம் நிற்கிற நீ உட்கார்ந்து நான் பார்த்தது அங்கேதான். ஐந்து நிமிஷத்துக்குள் ஜன்னல் கம்பியைத் தட்டுவார்கள்.

"இன்னாமா, கடைய சாத்திட்டு தூங்கினு கீறியா?"

"தூங்கல பெரியப்பா. இங்க ஒரு சின்ன பேஷண்டு கீது, அதுக்குக் குடுத்துட்டு வரேன்."

வரிசையே சிரிக்கும். எனக்குத்தான் வெட்கத்தில் முகம் சுடும்.

உன்னை மாத்திரை கட்டிக் கொடுப்பவள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு குழந்தையின் சீட்டில் பெரியவர்களுக்கான அளவு எழுதியிருந்ததை நீ கொண்டுபோய்க் கேட்டபோது, "நீ டாக்டரா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பிறகு சீட்டு திருத்தி வந்தது. நீ பெருமைப்படவில்லை. "புள்ள தப்பிச்சுதுடி" என்று மட்டும் சொன்னாய்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம். லீவு போட்டால் பெயர் விட்டுப்போகுமோ என்று பயந்து, நீயே மாத்திரை போட்டுக்கொண்டு நின்றாய். பாப்பாவை நீட்டியபோது உன் கை கொதித்தது. "அம்மாகிட்ட சொல்லிடாதடி, வேலைக்கு உடாது" என்றாய். நான் தலையாட்டினேன்.

நான்காம் நாள், "காய்ச்சல் உட்டுடுச்சி பாரு" என்று என் கையை எடுத்து உன் நெற்றியில் வைத்தாய். சில்லென்று இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதே ஜன்னலில் நின்று ஒரு அம்மாவிடம் நீ சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்: "காய்ச்சல் உட்டுதுன்னு வூட்லயே இருந்துடாதம்மா. டெங்குன்னா அதுக்கப்புறந்தான் பயம். மறுபடி வந்து காட்டு."

ஊருக்கெல்லாம் சொன்னதை நீ உனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ கண்ணை மூடி நின்றதை நான் பார்த்தேன். டாக்டர் அறை பத்தடி தூரம்தான். வரிசையில் அத்தனை பேர். என்னால் வாய் திறக்க முடியவில்லை. பாப்பாவோடு பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் விழுந்தாய். புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் நீ இல்லை.

உன் காரியம் முடிவதற்குள் அந்த ஜன்னலுக்கு வேறொரு அக்கா வந்துவிட்டார். நான்கு நாளுக்குக் கிடைக்காத ஆள். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் ஒப்பந்தம்தானாம். தனியாகத்தான் நிற்கிறார்.

நேற்று டாக்டர் அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ரத்தம் டெஸ்ட் எடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எடுத்தார்கள். வெறும் சளிக் காய்ச்சல்தான். பயமில்லை.

பாப்பாவுக்கு என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடப் பழக்கியிருக்கிறேன். மறந்து "அம்மா" என்றால் உன் போட்டோவைக் காட்டித் திருத்துவேன். இன்று காலை கண் விழித்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படித்தான் கூப்பிட்டாள். நான் போட்டோ பக்கம் திரும்பவில்லை. "இன்னாடி" என்று கேட்டுவிட்டேன்.

உனக்கு வர வேண்டிய வார்த்தை, அக்கா. நான் பதில் சொல்லிவிட்டேன்.