வாயில் உறை இருந்தபோது

அன்புள்ள உனக்கு,

சொல்ல வேண்டியவை மூன்று:
1. காது இரைச்சல் குறைந்தது.
2. மகன் கேட்டது.
3. வாயில் உறை இருந்ததால் நான் மறுக்க முடியாமல் போனது.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதால்தான் காதில் அந்த ஓயாத ரீங்காரம் என்றார் பல் டாக்டர். "யார் மேல ஐயா இவ்வளவு கோவம்?" என்று சிரித்தார். மருமகள் பக்கத்தில் நின்றதால் நானும் சிரித்து வைத்தேன். அவர் அச்செடுத்துச் செய்து கொடுத்த உறையை மேல்பல்லில் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். இரைச்சல் பாதியாகிவிட்டது. சுவருக்கு அப்பால் அவர்கள் பேசுவதும் இப்போது நன்றாகவே கேட்கிறது.

நேற்று மகன் என் அறைக்கு வந்தான். "தங்கச்சி வீட்டுலயே அம்மா இருந்துடட்டும்ப்பா. ரெண்டு பேருக்கும் இங்க இடம் எங்க இருக்கு? என்ன சொல்றீங்க?"

தலையாட்டினேன்.

"நீங்க ஒத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா" என்று தோளைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான். உனக்கும் இந்நேரம் போனில் சொல்லியிருப்பான்.

உறையோடு பேசினால் நாக்குக் குழறும். கழற்றிவிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். எச்சில் வழியும், பிள்ளை முன்னால் அசிங்கம் என்று எழுத நினைத்தேன்.

மூன்றாவதாக எழுதியது தவறு. அவன் வந்தபோது உறையைக் கழுவி டப்பாவில் வைத்திருந்தேன். வாயில் ஒன்றுமே இல்லை.

உன் வீட்டுக்காரர்