இன்சூரன்ஸில் என் பங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? இங்கே நான் நலம்.

போன வாரம் ஆய்வகத்தின் வாசல் தூணில் காரை உரசிவிட்டேன். எனக்குக் காயமில்லை, கதவுதான் நசுங்கியது. பழுதுச் செலவில் முதலில் நாம் ஏற்கும் பங்கு பெரிதானால் இன்சூரன்ஸ் பிரீமியம் குறையும் என்று அதைத்தான் எடுத்திருந்தேன். இந்தச் செலவு அந்தப் பங்கைத் தாண்டவில்லை, அதனால் முழுவதும் என் தலையில்.

புதுப்பிக்கும்போது பங்கைக் குறைக்கச் சொன்னேன். பிரீமியம் ஏறுமே என்று ஏஜென்ட் சிரித்தார். "தூண் என்ன, மறுபடியும் குறுக்கே வந்து நிக்கவா போகுது மேடம்?"

அந்தத் தூணை நான் பார்க்கவே இல்லை, அப்பா.

உங்கள் வலக்கண் போகத் தொடங்கியபோது எந்தப் பக்கம் முதலில் மறைந்தது? அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது, காரை எடுக்க வேண்டும்.

உங்கள் மகள்