பழம் வந்துடுச்சு

என் அன்பு மச்சான் கலியமூர்த்திக்கு,

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை உன் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது உன் மனைவி தமிழரசி. "அண்ணே, பழம் வந்துடுச்சு" என்றாள். வைத்துவிட்டாள். நீ பேசுவதும் அவ்வளவுதானே?

அந்த இரண்டு வார்த்தைக்குள் எத்தனை வருடம் இருந்தது பார். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நீ முதலில் சொன்னது. பிறகு சுரங்க வேலையில் சேர்ந்து, பண்ருட்டியிலிருந்து சைக்கிளில் கட்டி எடுத்துவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று சொன்னது. நான் சென்னையில் நிருபராக இருந்தபோது ஆபீசுக்கே போன் போட்டுச் சொல்லிவைத்தாய். போனை எடுத்த உதவி ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, "பெரிய செய்தி போல இருக்கே, யாருங்க உங்க ஆளு?" என்று கேட்டார். பலாப்பழம் என்றதும் அவர் முகம் போன போக்கு! நான் அன்று மதியமே பஸ் ஏறிவிட்டேன்.

யாருக்கு எந்த ஷிப்ட் என்றாலும், நான், நீ, சபாபதி மூன்று பேரும் சேராமல் நீ பழத்தில் கத்தி வைத்ததில்லை. அதனால்தான் நீ கண்ணை மூடிய பிறகு எங்களுக்குத் தைரியம் வரவில்லை. போன வருடப் பருவம் சும்மாவே கழிந்தது. வடலூர் பஸ் நிலையத்தில் நானும் சபாபதியும் டீ குடித்தோம். எதிரே தள்ளுவண்டியில் பலாச்சுளை விற்றார்கள். நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம். நீ இல்லாத வீட்டுக்கு எதைச் சொல்லிக்கொண்டு போவது? இப்படியே விட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

போன் வந்ததும் போனோம். பண்ருட்டிக்குத் தமிழரசியே போய்வந்திருக்கிறாள். "கண்டக்டர் லக்கேஜ் போடணும்னாரு. மடியில வச்சிகினு வர்றதுக்கு என்னாங்க லக்கேஜுன்னு கேட்டேன். எறங்கறப்ப அவரே தூக்கிக் குடுத்தாரு" என்றாள்.

சபாபதி சட்டையைக் கழற்றிவிட்டுக் கத்தியை எடுத்தான். அது உன் வேலை என்பது இருவருக்கும் உறுத்தியது. அந்த அவசரத்தில் பழத்தைப் பிளந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கைக்கு எண்ணெய் தடவவில்லை, கத்திக்கும் இல்லை. பால் விரலோடு விரலை ஒட்டிவிட்டது. கத்தி சபாபதியின் கையை விடவில்லை. என் மூக்குக் கண்ணாடி கட்டைவிரலோடு வந்தது.

தமிழரசி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இத்தினி வருசமா தின்னீங்களே, ஒருத்தருக்காவது எண்ண ஞாபகம் வந்திச்சா?"

"எண்ண அவன் டூட்டிம்மா. நம்ம டூட்டி தின்றது மட்டுந்தான்" என்றான் சபாபதி, கத்தியும் கையுமாக.

அவள் சிரித்தாள், மச்சான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தபடி கிண்ணத்தோடு வந்து எங்கள் கைகளில் எண்ணெய் ஊற்றினாள். பிறகு கத்தியை வாங்கி அவளே அறுத்தாள். இத்தனை பருவமும் உள்ளேயிருந்து தட்டு எடுத்துக் கொடுத்தவள், எங்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் எங்கள் இருவரையும்விட வேகமாகத் தின்பாள் என்பது உனக்குத் தெரியுமா?

அடுத்த பழம் என் முறை. பண்ருட்டிக்கு நானே போவேன். முதல் போன் தமிழரசிக்குத்தான். என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். மூன்று பேரும் சேராமல் கத்தி வைக்கமாட்டோம், இது சத்தியம். எண்ணெய்க்கு மட்டும் சத்தியம் செய்யமுடியாது.

உன் பங்குச் சுளையையும் தின்று தீர்த்த
உன் மச்சான்,
குணசேகரன்