குடிலில் நின்றுபோன நட்சத்திரம்

மச்சான்,

இன்று காலை நம் லேப்பில் ஒரு மோட்டார் சுற்றாமலேயே வேகம் காட்டியது. அதற்கு மின்சாரமே கொடுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் வேகக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. "சார், மோட்டார் ஓஃப்லதான் இருக்கு, ரீடிங் மட்டும் வருது லா," என்றாள் ஒரு மாணவி. வயரைப் பார்க்க அவள் குனிந்தபோது அவளுடைய நிழல் வேகத்தை அளக்கும் சென்சார் மேல் விழுந்தது. கோடு சட்டென்று கீழே வந்துவிட்டது. அவள் நிமிர்ந்ததும் மறுபடி ஏறியது. அண்ணாந்து பார்த்தேன். சாகப்போகிற டியூப் லைட் ஒன்று அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உன் நட்சத்திரம் ஏன் நின்றது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாமல் போனபிறகு தெரிந்து என்ன செய்ய?

நாம் இரண்டு பேரும் ஈப்போவில் இதே லேப்பில் டெக்னீஷியன்களாக இருந்த காலம் அது. சித்தியவான் பக்கம் நீ பிறந்த ரப்பர் தோட்டம் அதற்கு முன்பே செம்பனைக்கு மாறி, சனம் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு மட்டும் எல்லோரும் அந்தச் சின்னக் கோயிலுக்குத் திரும்பி வருவீர்கள். அந்த வருடம் குடில் கட்டும் முறை உனக்கு வந்தது. "எல்லா வருசமும் நட்சத்திரம் சும்மா தொங்குது மச்சான். இந்த வருசம் சுத்தட்டும். காத்தாடி மாதிரி இல்ல. வழி காட்டுற நட்சத்திரம்லா, பொறுமையா சுத்தணும்," என்றாய்.

அந்தப் பொறுமைக்காக நீ பட்ட பாடு கொஞ்சமா! நட்சத்திரத்தைச் சுற்றும் மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் கறுப்புத் தட்டில் ஒரு வெள்ளைக் கோடு போட்டாய். கோடு கடக்கும்போதெல்லாம் சென்சார் அதைப் பார்த்துச் சொல்லும். சாப்ட்வேர் எண்ணிப் பார்த்து, வேகம் கூடினால் மின்சாரத்தைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் எண்களை மாற்றி மாற்றி உட்கார்ந்திருப்பாய். நான் வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

கோயிலில் மத்தியானம் ஓட்டிப் பார்த்தோம். அழகாகச் சுற்றியது. குடில் விளக்குகளை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. மாலைப் பூசையில் வானவர் கீதம் பாடி, குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும்போதுதான் அவற்றைப் போட வேண்டும், அதற்கு முன்னால் போடுவது உங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

பூசை தொடங்கியது. பிள்ளைகளெல்லாம் கழுத்தை வளைத்து நட்சத்திரத்தையே பார்த்தார்கள். கீதம் ஆரம்பித்ததும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய மினுக்கு விளக்குகள் எரிந்தன. ஜிகினாத் தாளெல்லாம் பளபளத்தது. நட்சத்திரம் தயங்கியது, நின்றுவிட்டது. குடிலுக்குப் பின்னால் வைத்திருந்த லேப்டாப், அது கண்மண் தெரியாமல் சுற்றுவதாகக் காட்டியது. நீ வைக்கோலில் முட்டி போட்டு எண்களைத் தட்டிக்கொண்டே இருந்தாய். உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்த மினுக்கலைத்தான் மச்சான் சென்சார் வெள்ளைக் கோடு என்று எண்ணியிருக்கிறது! வேகம் கூடிவிட்டது என்று நம்பி, உன் சாப்ட்வேர் நீ சொல்லிக்கொடுத்தபடியே மின்சாரத்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தியிருக்கிறது. அதன் மேலும் தப்பில்லை.

பூசை முடிந்து விளக்குகளை அணைத்ததும் நட்சத்திரம் சுற்றத் தொடங்கியது. நீ கடைசியாகத் தட்டிய எண்தான் சரியான எண் போலிருக்கிறது என்று நினைத்தோம். "கூட்டத்தப் பாத்து வெக்கப்பட்டிருச்சு லா," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கோயில் உபதேசியார் உன் தோளில் தட்டி, "விடுப்பா, அடுத்த வருசம் கயிறு கட்டி இழுத்துக்கலாம்," என்றார். பாவம், அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நீயும் சிரித்தாய். 

அடுத்த மாதமே லேப்புக்குப் பயிற்றுநர் வேலை வந்தது. டிப்ளோமாவை முடித்து நீ காத்திருந்த வேலை. இன்டர்வியூவுக்கு நீ போகவில்லை. "பூசையில நின்னுபோச்சு மச்சான். கிளாஸ்ல நின்னுபோனா பிள்ளைங்க முகத்துல எப்படி முழிக்கிறது? நீ போ," என்றாய். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீ அசையவில்லை. இன்று பிள்ளைகள் என்னை சார் என்று கூப்பிடுகிறார்கள். உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டியது.

மனசு கேட்காமல் சாயங்காலமே சித்தியவானுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். உன் மனைவி ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சென்சார், கோடு என்று நான் விளக்கியதையெல்லாம் அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அதுக்கப்புறம் அவரு குடில் பக்கமே போகல அண்ணே. பூசைக்கு வந்தாலும் வாசல்லதான் நின்னுக்குவாரு," என்றாள். பிறகு, "அப்போ அந்த சென்சாருக்கு வெளிச்சம் படாம மறைச்சிருந்தா சுத்தியிருக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, சுத்தியிருக்கும்."

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான் மச்சான். அந்தக் கேள்வியைத்தான் நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு உள்ளங்கை போதும், சென்சாருக்குக் குறுக்கே வைத்திருந்தால் போதும். நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன். உங்கள் பூசையில் எப்போது என்ன செய்வது என்று தெரியாமல், அந்தப் பாட்டு முடியும்வரை இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு உன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன்.