களைக்காட்டுச் சாமி

மார்ச் 9, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். பூசணிப் பூவுக்கு நான் கல்யாணம் செய்து வைப்பதை இன்று பக்கத்துத் தோட்டத்து ஜெயா பார்த்துவிட்டாள். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவுக்குள் தேய்க்கிற வேலை. சும்மா தேய்த்தால் போதாதா? "மாப்பிள்ளை நல்ல பையன்மா, குடிக்க மாட்டான்" என்று பூவிடம் சொல்லிக்கொண்டு வேறு இருந்தேன்.

"என்னக்கா, தாலி எங்க?" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. இந்நேரம் அக்கம்பக்கம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

சிரிப்பு ஒரு பக்கம். ஆனால் நான் தேய்த்த பூ மட்டும்தான் காய்க்கிறது. மற்றதெல்லாம் சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி உதிர்கிறது. தோட்டத்தில் தேனீயே இல்லை.

"இந்தத் தடவையும் காய் பிடிக்கலன்னா நெலத்த விட்டுட்டு ஈப்போவுக்கு, ரூபினிகிட்டயே போயிடலாம் லா" என்கிறார் வீட்டுக்காரர். டவுனில் மகளுக்கு வீடு பதினோராம் மாடியில். அங்கே நான் எதை நடுவது? மருமகனையா?

மார்ச் 12, புதன்

தேனீ எங்கேயும் போகவில்லை. ஓடைக்கரையில், அவர் இன்னும் மருந்தடிக்காத மூலையில், பெயர் தெரியாத ஊதாக் களைப்பூவில் உட்கார்ந்திருக்கிறது. சரிதானே? பூசணி பூப்பது கொஞ்ச நாள். மற்ற நாளெல்லாம் அது எதைத் தின்னும்? சுற்றிலும் நாங்கள்தான் மொட்டை அடித்து வைத்திருக்கிறோமே.

நாங்கள் முன்பு வேலை பார்த்த எஸ்டேட்டில் தேயிலைக்கு ஈ வேண்டாம். கொழுந்திலேயே கிள்ளிவிடுவோம், பூ எங்கே, காய் எங்கே. அதனால்தான் எஸ்டேட் ஆட்கள் யாரும் ஈயைப் பற்றி யோசித்ததே இல்லை. வீட்டுக்காரர் ஹரிதாஸ் அங்கே வருஷக்கணக்கில் களைக்கு மருந்தடித்தவர். ஒரு புல் தலை தூக்கினால் அவருக்குக் கை அரிக்கும்.

கூட்டிப் போய்க் காட்டினேன். "களைய வச்சுக்கிட்டு விவசாயமா? கங்காணி பாத்தா காறித் துப்புவாரு கங்கா." எந்தக் கங்காணி? எஸ்டேட்டை விட்டு வந்தே எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 15, சனி

கரையில் பாதி கருகிக் கிடக்கிறது. நான் பிரிஞ்சாங் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அடித்துவிட்டார். கத்தினேன். ஈயையும் சேத்துல்ல கொன்னுருக்க, மனுசா. அது இல்லன்னா நமக்குச் சோறு ஏது? எத்தன பூவுக்கு நான் ஒருத்தி கல்யாணம் பண்ணி வைப்பேன்—

நான் ஈப்போவுக்குப் போக மாட்டேன். மாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மிச்சக் கரையில் ஓடைக் கல் ஒன்றை நட்டேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி கட்டினேன். அவர் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். கல்லைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கும்பிட்டுத் திரும்பிப் போனார்.

சாமி கோபித்துக்கொள்ளுமா? அதுவும் பூ, ஈ எல்லாம் படைத்ததுதானே.

மார்ச் 21, வெள்ளி

போச்சு. வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று ஜெயா விடியலில் வந்திருக்கிறாள். கல்லைச் சுற்றி ஒரு புல் விடாமல் கரையையே செதுக்கித் தள்ளி, தண்ணீர் தெளித்து, கோலமும் போட்டிருக்கிறாள்.

"சாமி காட்டுக்குள்ள கெடந்துச்சுக்கா, பாவம்."

கோலம் அழகாகத்தான் இருந்தது.

மார்ச் 22, சனி

இரண்டு பேரையும் உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, உள்ளதைச் சொன்னேன். கல் ஓடையில் பொறுக்கியது. நான் காக்க நினைத்தது களையை. ஜெயா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நான் செருப்பெல்லாம் கழட்டுனேனேடி."

"ஈக்குக் கழட்டுனதா நெனச்சுக்குங்க."

சிரித்துவிட்டார். அப்புறம்தான் கேட்டார்: "எம்புட்டு தூரம் விடணும்?"

கரை முழுக்க, என்றேன். பூச்சி மருந்தும் காலையில் வேண்டாம், பூ மூடின பிறகு சாயங்காலம். தலையைச் சொறிந்தார். "இந்த ஒரு பூசணிக்குப் பாப்போம். அப்புறம் ஈப்போதான்."

ஜெயா போகும்போது கல்லைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். "கல்லு பொய்யின்னாலும் மஞ்ச நெசந்தானக்கா."

ஏப்ரல் 6, ஞாயிறு

நல்ல மழை. வேரிலிருந்து எல்லாம் திரும்பக் கிளம்பிவிட்டது. அவர் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று ஒரு தேனீ பூசணிப் பூவுக்குள் இறங்கி, உருண்டு, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வந்தது. அடுத்த பூவுக்குப் போனது. நான் அசையவில்லை. அது வேலையை அது பார்க்கட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நான் தொடாத கொடியில் காய். முஷ்டி அளவு. உதிரவில்லை.

பெரிய மழை பெய்தும் எங்கள் பக்கத்தில் ஓடை கலங்கவில்லை. களை மண்ணையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதை அவர்தான் முதலில் பார்த்துச் சொன்னார். "நான் அப்பவே சொன்னேனே" என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

மே 25, ஞாயிறு

காலையில் ரூபினிக்கு வீடியோ கால். "நாங்க வரலம்மா, காய் எடுக்கணும், அடுத்த நடவு வேற இருக்கு" என்று அவரே சொன்னார். கொடிக்கு நடுவில் நின்று காய்களைக் காட்டினார். பிறகு ஒரு பூவைப் பறித்து, மகள் பார்க்க முகர்ந்து காட்டினார். உள்ளே தேனீ இருந்தது. மூக்கும் மேலுதடும் வீங்கியிருக்கின்றன. ராத்திரிக்குக் கஞ்சி வைத்தேன்.