முத்திரை இல்லாத சான்றிதழ்

சித்தரஞ்சன்
24-6-1984

அன்பு வசுவுக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆனி மாதத்தில் பதில் போடுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள். இப்போது காரியமாக எழுதுகிறேன்.

என் சகுந்தலா ஹையர் செகண்டரி தேறிவிட்டாள். கணக்கில் நல்ல மார்க். அவள் அப்பா இருபது வருஷமாக இங்கே ரயில் இஞ்சின் பூட்டுகிறார், மகளுக்குக் கம்ப்யூட்டர் பூட்ட வேண்டுமாம். நீ வேலை பார்க்கிற சால்ட் லேக் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் டிப்ளமா தொடங்குகிறார்கள் என்று பேப்பரில் வந்ததை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். "வசு மாஷிகிட்ட கேளும்மா, ஃபாரமே அவங்கதானே டைப் அடிப்பாங்க" என்று என்னைப் பிடுங்குகிறாள் (சித்தி என்று சொல்ல வராது, வங்காளி வழக்கத்தில் மாஷிதான் நீ). சேர என்னென்ன வேண்டும், மூன்று வருஷமும் என்ன சொல்லித் தருவார்கள், எல்லாம் விவரமாக எழுது.

அவளுக்கு வங்காளியும் இங்கிலீஷும்தான் படிக்க வரும். உன் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் கோழி கிளறியது மாதிரி எழுதாதே. பள்ளிக்கூடத்தில் பரீட்சை ஃபீஸைக் கூட அஷ்டமியில் கட்டமாட்டேன் என்று அபராதம் கட்டியவள் நீ. நாள் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே பதில் போடு.

உன்,
சௌந்தரம்


பாலிகஞ்ச், கல்கத்தா
1-7-1984

என் அருமை சௌந்தரத்துக்கு,

பார், ஒரே வாரத்தில் எழுதிவிட்டேன். சகுந்தலாவுக்கு என் முத்தம்.

ஃபாரம் இத்துடன் இருக்கிறது. ஹையர் செகண்டரியில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும், சராசரி ஐம்பதுக்குக் குறையக்கூடாது. ஜூலை முதல் தேதியில் இருபது வயது நிறைந்திருக்கக் கூடாது. மார்க் லிஸ்ட் நகல் இரண்டு. இந்த மாநிலத்தில் பத்து வருஷம் குடியிருந்ததற்குக் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒன்று. எல்லாம் ஜூலை முப்பத்தொன்றுக்குள் வந்து சேர வேண்டும். முப்பதே இடம். மார்க் வரிசைதான், சிபாரிசு கிடையாது.

முதல் வருஷம் கணக்கு, இயற்பியல், இன்ஜினியரிங் டிராயிங், ஒர்க்‌ஷாப். பெண் என்றாலும் அரத்தைப் பிடித்து இரும்பு ராவத்தான் வேண்டும், அது அவள் அப்பாவுக்குப் பிடிக்கும். இரண்டாம் வருஷம் எலக்ட்ரானிக்ஸ், டிஜிட்டல் சர்க்யூட், ஃபோர்ட்ரான் என்று கம்ப்யூட்டருக்குப் புரிகிற ஒரு பாஷை. மூன்றாம் வருஷம் மைக்ரோபிராசசர், மெஷின் பழுது பார்ப்பது, ஆறு வாரம் தொழிற்சாலைப் பயிற்சி. ஸ்டென்சிலில் அடித்தேனே தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எங்கள் பிள்ளை பார்த்தசாரதியும் இதற்கே போடுகிறான். மார்க் சுமார்தான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் நாம் உட்கார்ந்த மாதிரி இருக்காதா?

அன்புடன்,
வசுமதி


சித்தரஞ்சன்
9-9-1984

வசு,

லிஸ்ட் வெளியாகிவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் கல்கத்தாவில் பார்த்துவிட்டு வந்தார். அதில் சகுந்தலா பெயர் இல்லையாம். மார்க்கைக் கேட்டவர்கள் எல்லோரும் அவள் இருபத்தைந்துக்குள் வருவாள் என்றார்கள். ஃபாரம் வந்து சேரவில்லையா? ஏதாவது குறை இருந்தால் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து கார்டு போடுவார்கள் என்று ஃபாரத்திலேயே இருந்தது. நாங்கள் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒன்றும் வரவில்லை.

பெண் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்று எழுது.

சௌந்தரம்


கல்கத்தா
15-9-1984

அன்புள்ள சௌந்தரம்,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். குடியிருப்புச் சான்றிதழில் ஆபீசர் கையெழுத்து இருந்தது, கீழே ஆபீஸ் முத்திரை இல்லை. அதற்குத்தான் கார்டு. பத்து நாளுக்குள் திருத்தி அனுப்பச் சொல்லி ஆகஸ்ட் பதினாறு, வியாழக்கிழமையே எழுதிவிட்டேன். அன்றைக்கு அஷ்டமி, மறுநாள் நவமி. நல்ல காரியம் ஆயிற்றே என்று அது கழிந்து போட்டேன். தபாலில் எங்கே போயிற்றோ. கெடு முடிந்ததும் ஃபாரத்தைத் தள்ளிவிட்டார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சகுந்தலாவை பி.எஸ்ஸி.யில் சேர்க்கலாமே. கெட்டிக்காரப் பெண், எங்கே படித்தாலும் முன்னுக்கு வருவாள்.

பார்த்தாவுக்குக் கடைசி இடம் கிடைத்திருக்கிறது.

வசுமதி


சித்தரஞ்சன்
2-12-1984

அன்பு வசு,

பூஜையெல்லாம் நன்றாக நடந்ததா? பார்த்தாவுக்கு இடம் கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். பி.எஸ்ஸி. சேர்க்கையும் அதற்குள் முடிந்துவிட்டது. சகுந்தலா அசன்சோலுக்கு ரயிலில் போய் டைப் கற்றுக்கொள்கிறாள். உங்கள் இன்ஸ்டிட்யூட்டில் என்னென்ன பாடம் நடக்கிறது என்று உன்னைக் கேட்கச் சொல்கிறாள். தெரிந்தவரை எழுது. உன் ஜூலைக் கடிதத்தில் இருந்த பாடங்களை அவள் ஒரு நோட்டில் வங்காளியில் எழுதி வைத்திருக்கிறாள், நடந்து முடிந்ததற்கு எதிரே டிக் போடுவாளாம்.

இன்னொன்று. அந்தக் கார்டை என்றைக்கு எழுதினேன் என்று சொன்னாய்? உன் கடிதத்தை எங்கேயோ வைத்துவிட்டேன். வியாழக்கிழமை என்றா எழுதியிருந்தாய்?

சௌந்தரம்


கல்கத்தா
6-1-1985

அன்புள்ள சௌந்தரம்,

ஆமாம், வியாழன் அஷ்டமி, வெள்ளி நவமி. போனதைப் பற்றி என்ன.

சகுந்தலாவிடம் சொல்: இப்போது எண்களை எழுதும் முறை நடக்கிறதாம். பூஜ்யமும் ஒன்றும் மட்டும் வைத்துக்கொண்டு எல்லாக் கணக்கும் போட்டுவிடலாமாம். ஒர்க்‌ஷாப்பில் பார்த்தா கை முழுக்கக் கொப்புளம். பெரிய வகுப்புப் பையன்கள் ஓட்டை போட்ட அட்டைகளைத்தான் கம்ப்யூட்டருக்குள் செலுத்துகிறார்கள். ஒரு அட்டை பார்த்தா கொண்டுவந்தான், அவளுக்கு அனுப்புகிறேன். எந்த எழுத்துக்கு எந்த ஓட்டை என்று அவன் எழுதிய தாளும் இருக்கிறது.

நீ முன்போலப் பெரிய கடிதமாக எழுதுவதில்லை. கோபமா?

வசுமதி


சித்தரஞ்சன்
10-3-1985

வசு,

கோபம் என்ன. வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை பிலாயிலிருந்து சகுந்தலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் ஸ்டீல் ப்ளாண்டில் வேலை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவன் அம்மா, "பொண்ணு மேற்கொண்டு ஒண்ணும் படிக்கலையா?" என்று கேட்டாள். இவள் காபித் தட்டை வைத்துவிட்டு, "கம்ப்யூட்டர் படிக்க இருந்தேன். ஒரு சீல் இல்லாம நின்னு போச்சு" என்றாள். வைகாசியில் முடிக்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். நாங்கள் இன்னும் பதில் போடவில்லை.

நீ அனுப்பிய அட்டையின் ஓட்டைகளை எல்லாம் அவள் படித்துவிட்டாள். பத்தொன்பது எழுத்தாம்.

சௌந்தரம்


கல்கத்தா
21-4-1985

சௌந்தரம்,

அன்புள்ள என்று போட எனக்கு இன்றைக்குத் தைரியம் இல்லை.

நான் அந்தக் கார்டைப் போடவே இல்லை. எழுதினேன், பதிவேட்டில் அனுப்பியதாக என் கையாலேயே எழுதினேன், பிறகு கைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று காலையில்தான் மார்க் வரிசையை டைப் அடித்திருந்தேன். உன் பெண் இருபத்துநாலு. என் பிள்ளை முப்பத்தொன்று. யாராவது ஒருத்தர் விழுந்தால் அவன் உள்ளே. உன் பெண்ணுடைய ஃபாரத்தில் மட்டும்தான் குறை இருந்தது, அதைப் பார்த்தவளும் நான் ஒருத்திதான்.

நாளைக்குப் போடலாம் என்றுதான் அன்று பையில் வைத்தேன். மறுநாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது தபால் பெட்டி இருக்கிற பக்கம் உட்காராமல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். பத்து நாள் கழிந்ததும், இனிமேல் போட்டாலும் பிரயோஜனம் இல்லையே என்று ஒரு நிம்மதி வந்தது பார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பார்த்தா வகுப்பில் இப்போது இரண்டாவது. தோற்றிருந்தால் தண்டனை என்று தேற்றிக்கொண்டிருப்பேன். போன வாரம் மார்க்கைக் காட்டிவிட்டு, "நீ இல்லேன்னா எனக்கு இந்த சீட் ஏதும்மா" என்றான். ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்ததைச் சொல்கிறான். நான் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

இந்த வருஷத்து விவரப் புத்தகத்துக்கு ஸ்டென்சில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். வயது வரம்பு அதேதான். சகுந்தலா நவம்பரில் பிறந்தவள். இந்த ஜூலையில் போடலாம், அடுத்த ஜூலையில் முடியாது. அவளுக்கு இது ஒன்றுதான் மிச்சம். வைகாசி என்று நீ எழுதியதைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் வைத்திருந்தால் நான் மனுஷியே இல்லை.

அந்தக் கார்டு இத்துடன் இருக்கிறது. தேதியைப் பார். பிரின்சிபாலிடம் காட்டு என்றால் நானே காட்டுகிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

வசுமதி


சித்தரஞ்சன்
5-5-1985

வசு,

பொய் சொல்லக் கொஞ்சமாவது சாமர்த்தியம் வேண்டும். உனக்கு அது பள்ளிக்கூடத்திலேயே கிடையாது.

போன வருஷம் கோகுலாஷ்டமி ஆகஸ்ட் பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. நான் சீடை உருட்டி, ஒன்று வெடித்துக் கை வெந்து, சகுந்தலா மருந்து போட்டாள். நீயும் அன்றைக்கு உன் வீட்டில் சீடை உருட்டியிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை அஷ்டமி என்றால் அதற்கு முந்தின வியாழக்கிழமை எப்படியடி அஷ்டமி வரும்? உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்த அன்றே காலண்டர் தாளைப் புரட்டினேன். பதினாறாம் தேதி பஞ்சமி. கீழே பார்த்தாவுக்குக் கடைசி இடம் என்று ஒரு வரி. அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடிதம் தொலைந்தது என்றதும் பொய்தான். உன் வாயால் வரட்டும் என்றுதான் டிசம்பரில் கேட்டேன். நீ திரும்பவும் அஷ்டமி என்றாய். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பார். பெண்ணிடமும் சொல்லவில்லை. உன் கடிதங்களை வாசித்துக் காட்டும்போது அஷ்டமி வரியை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. அவள் மனசில் வசு மாஷி கெட்டுப்போக வேண்டாம் என்று நினைத்தேன். உன்னைச் சோதித்துக்கொண்டே எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்த எட்டு மாதமும் அவளுடையது. என் பாவம் அது.

உன் ஏப்ரல் கடிதத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. அவள் அழுவாள் என்று பார்த்தேன். "இந்த வருஷம் லாஸ்ட் டேட் என்னிக்கும்மா?" என்றாள்.

பிலாய்க்கு வேண்டாம் என்று எழுதியாகிவிட்டது. பிரின்சிபாலிடம் நீ ஒன்றும் காட்ட வேண்டாம், உன் வேலை போவதால் என் பெண்ணுக்கு இடம் வந்துவிடாது. பார்த்தாவிடம் சொல். அது உன் கடமை, எனக்காக இல்லை.

ஃபாரத்தை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புவோம். முத்திரை இரண்டு இடத்தில் குத்தியிருக்கும். உன்னிடமிருந்து எனக்கு இனி ஒரே ஒரு கார்டு போதும், வந்து சேர்ந்தது, குறை இல்லை என்று. அதற்கு மேல் எழுதாதே. நான் எழுத வேண்டும் என்று என்றைக்காவது தோன்றினால் எழுதுவேன்.

சௌந்தரம்


போஸ்ட்கார்டு
கல்கத்தா
10-7-1985, புதன்

சௌந்தரத்துக்கு,

சகுந்தலாவின் விண்ணப்பம் இன்று காலை வந்து சேர்ந்தது. எண் 112. முத்திரை இருக்கிறது. குறை எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த பெண்ணின் ஃபாரம் என்று சொல்லிச் சரிபார்க்கும் வேலையை எங்கள் ஆபீஸ் பத்மநாபனிடம் கொடுத்துவிட்டேன், அவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பார்த்தாவிடம் சொன்னேன். என்னோடு பேசி ஒரு மாதமாகிறது. தன் முதல் வருஷ நோட்டுகளைப் பார்சல் கட்டி, சகுந்தலாவின் பெயரைத் தானே எழுதி அனுப்பியிருக்கிறான்.

இன்றைக்கு அஷ்டமி. ஆபீஸ் வாசலில் இருக்கும் பெட்டியில் இப்போதே போடுகிறேன்.

வசுமதி