முறிந்த விரல்

என் கணவனுக்கு,

‘பயிற்சியில் விரல் முறிந்தும் இன்று களமிறங்கும் வீரன்’ என்று மெல்பர்ன் பேப்பரெல்லாம் நீதான். எந்தப் பயிற்சியில்? நம் சமையலறையில் மூன்றாவது குத்தில் என் தாடையோடு சேர்ந்து உன் விரலும் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நீ உன் விரலுக்குத்தான் அலறினாய்.

உங்கள் ஃபுட்பால் கிளப்பில் செய்தியாளர்களைச் சமாளிக்கும் லாக்லன் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா சொல்லிடும்மா. ஃபைனல்ஸ் வருது, அவன் பாவம்” என்றான். கம்பி போட்டுக் கட்டிய வாயால் என்ன சொல்வது? தலையாட்டிவிட்டேன்.

சற்றுமுன் டிவி பார்த்தேன். ஆண்கள் அடித்துக் கொன்ற பெண்களின் நினைவாக, ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணியும் தோளில் கைபோட்டு வட்டமாக நின்றீர்கள். கண்ணை மூடி நின்ற உன்னைவிட்டுக் கேமரா நகரவில்லை.

“எவ்வளவு இளகின மனசு பாருங்க!” என்று வர்ணனையாளர் உருகினார்.

நர்ஸிடம் பேனா கேட்டேன். இன்று நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதலாவதை வாங்கிக்கொண்ட போலீஸ்காரம்மா மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார். ஆட்டம் முடிந்ததென்று கடைசி சைரன் ஒலிக்கும்போது வாசலில் நிற்பார்.

இப்படிக்கு,
வழுக்கி விழாதவள்